எம்மாவு வழியில் ஒரு சத்திரம்

எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் சிற்றூர் அறுபது ஸ்தாதி தொலைவில் இருந்ததாக நற்செய்தியாளர் லூக்கா குறித்து வைத்திருக்கிறார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்குச் சாலை வழியே செல்லும் தொலைவும் ஏறக்குறைய அவ்வளவே. இந்த ஒற்றுமையை நாம் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. எழுபத்தெட்டு வயது நிறைந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எமக்குச் சொல்லித் தந்தார். பள்ளிநாளில் எமக்கு இலக்கணமும் ஞானோபதேசமும் கற்பித்தவர் அவரே. வாழ்வின் பிற்பகுதியில் மீண்டும் ஒருமுறை அவரிடம் பாடம் கேட்கும் பேறு வாய்த்தது.

நாம் அவரைக் காணச் சென்றது ஆனித் திங்களில். சென்ற நோக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எம் தம்பி சிறுநீரக நோயால் மூன்று ஆண்டுகள் துன்புற்று, சென்ற தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தான். அந்த மூன்று ஆண்டுகளும் நாம் செய்யாத வேண்டுதல் இல்லை. சொல்லாத நவநாள் செபம் இல்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே சென்று வந்தோம். முடிவில் அவனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய நாள் முதல், செபத்திற்கென்று கை குவித்தால் சொல் எழவில்லை. ஞாயிறு தோறும் திருப்பலிக்குச் சென்றோம், எழுந்தோம், முழந்தாளிட்டோம். உடல் கோவிலில் இருந்தது. உள்ளம் எங்கும் இல்லை. பிறருக்கு விசுவாசத்தைப் பற்றி எழுதி வந்த கைக்கு, அதைப் பற்றி எழுத ஒரு வரியும் அகப்படவில்லை.

அந்நிலையில்தான் ஆசிரியரின் கடிதம் வந்தது. "குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆறுதல் மொழி ஏதும் எழுதாதிருந்ததே எம்மைப் புறப்பட வைத்தது.

சாரல் நாட்டின் வாசல்

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதை பழமையானது. 1902, 1903ஆம் ஆண்டுகளில் அமைந்த அந்தக் குறுகிய பாதை 2012இல் அகலப் பாதையாக மாறிற்று. பாதை அகன்றாலும் பார்வைக்கு விருந்தளிக்கும் காட்சிகள் குறையவில்லை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணியின் நெல்வயல்களை ஒட்டிச் செல்லும் வண்டி, பின்னர் மேற்கு மலையின் அடிவாரத்தை நோக்கித் திரும்புகிறது. கீழக்கடையம் நிலையம் வந்ததும், புதுச்சேரியிலிருந்து திரும்பிய பாரதியார் 1918 முதல் 1920 வரை தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தது நினைவுக்கு வந்தது. சோர்ந்த மனிதர்களை மலையடிவாரம் எக்காலமும் அழைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது போலும்.

பாவூர்சத்திரம் நிலையத்தில் இறங்கியபோது காலை வெயில் இருந்தது. ஆனால் மேற்கே குற்றால மலையின் தலையில் கருமேகம் கவிழ்ந்திருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, கேரளத்து மழையின் ஈரத்தைச் சுமந்து வந்து முகத்தில் தெளித்தது. மழை என்று சொல்ல இயலாது. மழை இல்லை என்றும் சொல்ல இயலாது. இந்நாட்டார் அதற்குச் சாரல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கீழப்பாவூர், மேலப்பாவூர் என்னும் பழைய ஊர்களின் அருகே, நெல்லையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது பாவூர்சத்திரம். வழிப்போக்கர் தங்கிய சத்திரம் ஊருக்குப் பெயராயிற்று என்பதற்குப் பெயரே சான்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின்னர், இவ்வூர் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அருகிலுள்ள ஆவுடையானூரில் புனித அருளப்பர் பெயரால் விளங்கும் மேல்நிலைப்பள்ளியை நம் மறைமாவட்டத்தார் அறிவர். இன்று சத்திரத்தைத் தேடுவார் இல்லை. பேருந்துகள் நொடிப்பொழுது நின்று செல்கின்றன. சுற்றுலா வண்டிகள் குற்றாலத்தை எண்ணி நில்லாமலே விரைகின்றன. ஆயினும், ஒரு காலத்தில் கால்கள் நொந்து வந்தவர்க்கு இங்கே ஒரு திண்ணையும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தன என்று எண்ணும்போது ஊரின்மேல் அன்பு பிறக்கிறது.

சந்தையில் ஒரு பாடம்

ஆசிரியர் எம்மை முதலில் அழைத்துச் சென்ற இடம் காய்கறிச் சந்தை. சுற்றுப்புற ஊர்களில் விளையும் தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம், முருங்கை ஆகியவை இங்கே வந்து குவிகின்றன. ஏலம் போனபின், பெரும்பகுதி மலை தாண்டிக் கேரளத்திற்குச் செல்லும். ஓணம் நெருங்கினால் இங்கே விலை ஏறும். அங்கே பெருமழை பெய்து வண்டி வராவிட்டால் இங்கே விலை விழும். மலைக்கு அப்பால் பெய்யும் மழை மலைக்கு இப்பால் உள்ளவனின் அடுப்பைத் தீர்மானிக்கிறது.

நாம் சென்ற அன்று தக்காளிக்கு விலை இல்லை. முதிய விவசாயி ஒருவர் தம் கூடைகளை விற்காமலே ஓரத்தில் வைத்துவிட்டு, துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியரைக் கண்டதும் வணங்கினார்.

"என்ன அண்ணாச்சி, போன வருசமும் இப்படித்தானே ஆச்சு?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஆமா சார்வாள். போன வருசம் பறிகூலிக்குக்கூடக் கட்டல. மாட்டுக்குத்தான் போட்டேன்."

"அப்புறமும் ஏன் தக்காளியே நட்டீர்?"

பெரியவர் எங்களைச் சற்று வியப்புடன் பார்த்தார். "மண்ணு மேல கோவிச்சுக்கிட்டு எங்க போக, சார்வாள்? நட்டா முளைக்கத்தானே செய்யுது. வெலை இல்லாமப் போனது மண்ணு செஞ்ச குத்தமா?" என்றார்.

திரும்பி வரும் வழியில் ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நான் மண் மேல் கோபித்துக்கொண்டவன், தம்பி" என்றார். அப்போதுதான், இரண்டு ஆண்டுகளாக அவர் கோவில் வாசலை மிதிக்காதிருந்த செய்தி எமக்குத் தெரிய வந்தது. எமக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தவரா என்று திகைத்தோம். அவரோ, எங்கோ நடந்த ஒன்றைச் சொல்வதுபோல அமைதியாகச் சொன்னார்.

இறந்தகால வினை

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாக் கொள்ளைநோயின் இரண்டாம் அலை தமிழ்நாடெங்கும் வீசிய காலம். ஆசிரியருக்கும் அவர்தம் மனைவியாருக்கும் ஒரே நேரத்தில் நோய் கண்டது. அவர் பிழைத்தார், அம்மையார் பிழைக்கவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவரின் முகத்தை அவர் கடைசியாகக் கண்டது உறவினர் ஒருவரின் கைப்பேசியில். மூடிக் கட்டிய உடலை, முகமும் தெரியாத கவச உடையில் சிலர் குழியில் இறக்கினர். குருவானவர் தொலைவில் நின்று செபித்தார். ஒரு பிடி மண் போட அவர் அங்கே இல்லை.

"சாவைப் பற்றி நான் ஆண்டவரிடம் வழக்குப் பேசவில்லை. எல்லாரும் போகிறவர்கள்தாம். ஆனால், அவள் தனியாகப் போனாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாள்தோறும் செபமாலை சொன்னவள். ஒரு கையைப் பிடித்துக்கொள்ளவாவது அவளுக்கு ஒருவரை அனுப்பியிருக்கலாம்" என்றார்.

எம்மிடம் இதற்கு மறுமொழி இல்லை. எம் தம்பியை எண்ணிக் கொண்டிருந்தோம்.

திண்ணையில் அமர்ந்தபின் அவர் எம்மாவுக் கதையை எடுத்தார். சீடர் இருவர், ஆண்டவர் கல்லறையில் வைக்கப்பட்ட மூன்றாம் நாள், எருசலேமை விட்டுச் செல்கின்றனர். உடன் வந்து சேர்ந்த வழிப்போக்கரிடம், தாங்கள் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையைச் சொல்லுகின்றனர். அதை இறந்தகாலத்தில் சொல்லுகின்றனர். "நான் தமிழாசிரியன் அல்லவா? அந்த வினைமுற்றில்தான் எனக்குக் கண் நின்றது. 'நம்பியிருந்தோம்' என்கிறார்கள். நம்புகிறோம் என்று சொல்லவில்லை. நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. நம்பியிருந்தோம். என் நிலைமைக்கு இலக்கணம் அதுதான். உன் நிலைமைக்கும் அதுதானே?" என்று எம் முகத்தைப் பார்த்தார்.

நாம் தலை குனிந்தோம்.

"ஆண்டவர் அந்த இருவரையும் வழிமறித்துத் திருப்பி அனுப்பவில்லை, கவனித்தாயா? அவர்கள் தவறான திசையில் போகிறார்கள். அவரும் அதே திசையில் கூடவே நடக்கிறார். பொழுது சாய்ந்ததும் அவர்கள் தங்கிய இடத்திற்குள் போய் உட்காருகிறார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், சத்திரத்துக்குள் வந்துவிட்டார்" என்று சொல்லிச் சிரித்தார். நாம் வந்த பிறகு அவர் சிரித்தது அதுவே முதன்முறை.

பீடித்தட்டும் செபமாலையும்

அவரைச் சத்திரத்திற்குள் அழைத்து வந்தவர் யார்? அது ஒரு குருவானவரோ தியானப் போதகரோ அல்லர். அடுத்த தெருவில் பீடி சுற்றி வாழும் ஒரு கைம்பெண்.

ஆலங்குளம், கீழப்பாவூர்ப் பகுதிகளில் பீடி சுற்றாத தெரு அரிது. மடியில் தட்டு, தட்டில் தூள், கையில் கத்தரி, ஈரத்தில் நனைத்த இலை, பக்கத்தில் நூற்கண்டு. பேசிக்கொண்டே பெண்களின் விரல்கள் ஓடும். அப்பெண்ணின் கணவர் காய்கறி வண்டி ஓட்டியவர். ஆசிரியரின் மனைவியார் மறைந்த அதே மாதத்தில் அவரும் மறைந்தார். கொரோனாவால் இறந்தோரின் குடும்பத்திற்கு 50,000 ரூபாய் உதவித்தொகை வழங்குவதென்று பின்னர் அரசு முடிவு செய்தபோது, இறப்புச் சான்றிதழில் காரணம் தெளிவாக எழுதப்படாத பலர் அலைய நேர்ந்தது. அப்பெண்ணும் அலைந்தார். மனு எழுதித் தரும்படி ஆசிரியரிடம் வந்தார்.

ஆசிரியர் மனு எழுதினார், ஒன்றல்ல, ஐந்தாறு. அலுவலகங்களுக்கு உடன் சென்றார். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர் முதன்முதலாக வெளியே இறங்கியது அதன்பொருட்டே. தொகை வந்தது. அந்த அக்டோபர் மாதம், 2022ஆம் ஆண்டில், அவர்கள் தெருவில் அன்பியத்தார் வீடுவீடாகச் செபமாலை சொன்னார்கள். அப்பெண் வந்து ஆசிரியரை அழைத்தார்.

"எனக்கு நம்பிக்கை போய்விட்டதம்மா. வந்து உட்கார்ந்து நடிக்க என்னால் இயலாது" என்று ஆசிரியர் மறைக்காமல் சொன்னார்.

அதற்கு அவர் சொன்ன மறுமொழியை ஆசிரியர் எமக்கு அப்படியே சொன்னார்: "ஒங்களுக்கு இல்லாட்டாப் பரவாயில்ல சார். எங்க கிட்ட இருக்குல்லா? அதுல வந்து ஒக்காருங்க."

அவர் சென்றார். வாய் திறக்கவில்லை. சுவரோரம் சாய்ந்து அமர்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார். மறுவாரமும் அவ்வாறே. அக்டோபர் கழிந்த பின்பும் வாரம் ஒரு நாள் அவர்கள் கூடினார்கள். இவரும் சென்று வந்தார். ஒருநாள் சிறுமி ஒருத்தி செபமாலையை நடத்தினாள். விளையாட்டு நினைவில் பத்து முடிந்ததை அறியாமல் பதினோராவது அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினாள். "பத்து முடிந்தது, அம்மா" என்று ஒரு குரல் திருத்தியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். அது ஆசிரியரின் குரல். வாய் மூடிக் கிடந்த அத்தனை மாதங்களும் அவருடைய விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கின்றன; அதை அவரே அன்றுதான் அறிந்தார்.

"அன்று இரவு அழுதேன். அவள் போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்" என்றார்.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரன் ஒருவனை நால்வர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியை மாற்கு எழுதுகிறார். ஆண்டவர் அங்கே கண்டது, தூக்கி வந்தவர்களுடைய விசுவாசத்தை. படுக்கையில் கிடந்தவன் என்ன நினைத்திருந்தான் என்பதைப் பற்றி நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. இதைப் பலமுறை படித்தும் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

ஆளில்லாத ஆலயங்கள்

மாலையில் ஆசிரியர் தம் பழைய வரலாற்றுக் குறிப்பேடுகளை எடுத்தார். ஒரு மனிதனுக்கு நேர்வது ஒரு திருச்சபைக்கும் நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு என்றார்.

1606இல் இராபர்ட் தெ நொபிலி அடிகள் மதுரையில் தொடங்கிய மறைப்பணி, அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் சிந்திய இரத்தத்தாலும், வீரமாமுனிவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டாலும் வளர்ந்தது. வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி இன்று நம் பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில்தான் உள்ளது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். இருந்த குருக்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். கோவைக் குருக்களும் பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையாரும் இயன்றதைச் செய்தனர். ஆனால் பரப்போ பெரிது, ஆட்களோ சிலர். பல ஊர்களுக்குக் குருவானவர் வருவதே அரிதாயிற்று.

அக்காலத்தில் வாழ்ந்த துய்புவா அடிகளின் கதை மனத்தை உருக்குவது. 1792இல் இந்தியா வந்தவர், தென்னாட்டில் முப்பத்தொரு ஆண்டுகள் இம்மக்களோடு மக்களாக வாழ்ந்தார். மைசூர் நாட்டில் அம்மைத் தடுப்பூசியைப் பரப்பப் பாடுபட்டார். எனினும் 1823இல் நாடு திரும்பியபோது, இந்நாட்டில் கிறிஸ்தவ மறை வேரூன்றுவதற்கு மனித முயற்சியால் வழியே இல்லை என்னும் முடிவோடு திரும்பினார். அவ்வாண்டே அதை நூலாகவும் வெளியிட்டார். அவரைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் உழைத்தவனின் சோர்வு அது. அவரும் தம்மளவில் 'நம்பியிருந்தோம்' என்றுதான் சொல்லிச் சென்றார்.

ஆனால், 1814இல் மீண்டும் நிறுவப்பட்ட இயேசு சபையினின்று பெர்த்ராந்து, கார்னியர், மார்ட்டின், துய் ராங்கே என்னும் நான்கு பிரெஞ்சு அடிகளார் 1838இல் மதுரைப் பணித்தளத்தில் கால் வைத்தபோது, அவர்கள் கண்டது வெறும் பாழ்நிலம் அன்று. குருவானவர் இல்லாத ஊர்களில் உபதேசியார் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லியிருந்தார். குழந்தைகளுக்கு ஆபத்து நேரத்தில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். இறந்தோரை அடக்கம் செய்திருந்தார். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு மந்திரங்களைச் சொல்லித் தந்திருந்தனர். பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆயினும் விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன.

வந்தவர்களின் வழியும் மலர் பரப்பியதாக இல்லை. ஆட்சி எல்லை பற்றிய பழம்பூசல்கள் காத்திருந்தன. மார்ட்டின் அடிகள் 1840இலும் கார்னியர் அடிகள் 1843இலும் இம்மண்ணிலேயே உயிர் நீத்தனர். ஆனால் அவர்களுக்குப் பின் வேறு பலர் வந்தனர். இன்று நாம் கூடும் பங்குகளுள் பல அந்த இரண்டாம் விதைப்பின் விளைச்சல்.

"முடிந்தது என்று எழுதப்பட்டது 1823இல். தொடங்கியது 1838இல். இடையே பதினைந்தே ஆண்டுகள். துய்புவா அடிகள் 1848 வரை உயிரோடு இருந்தார், தம்பி. தாம் முடிந்ததென்று சொன்ன தென்னாட்டில் மீண்டும் விதைப்பதை அவர் வாழ்நாளிலேயே உலகம் கண்டது" என்றார் ஆசிரியர்.

நாம் ஒரு கேள்வி கேட்டோம். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு இவற்றுள் எதிலும் விடை இல்லையே என்றோம்.

"இல்லைதான்" என்று உடனே ஒப்புக்கொண்டார். "நம் புனித தேவசகாயத்தை எண்ணிப் பார். நீலகண்டராக இருந்த நாளில் பொருள் இழந்து, கால்நடை இழந்து, மனமொடிந்து நின்றார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு ஆறுதல் சொன்னார். என்ன சொன்னார்? துன்பத்திற்குக் காரணம் சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். தோற்ற ஒருவர், இழந்த ஒருவரிடம், எல்லாம் இழந்த இன்னொருவரின் கதையைச் சொன்னார். அவ்வளவே. 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் துன்பம் நீங்கியதா? பெருகியது! 1752 சனவரி 14இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று முழங்கியது. விசுவாசம் துன்பத்திற்கு விடை அன்று, தம்பி. துன்பத்தில் துணை."

தென்காசிக் கோபுரத்தின் அடியில்

அன்று இரவு அன்பியத்தார் கூடினர். சூன் மாதமாதலால் இயேசுவின் திரு இருதய வணக்கமும் உடன் நடைபெற்றது. பீடித்தட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்த பெண்கள், சந்தையிலிருந்து நேரே வந்த ஆண்கள், உறக்கத்தில் சாய்ந்த குழந்தைகள். நாம் ஆசிரியரின் பக்கத்தில், சுவரில் சாய்ந்து அமர்ந்தோம். இறந்தோருக்காக மன்றாடும் நேரத்தில், அவரவர் பெயர்களைச் சொல்லுமாறு கேட்டனர். ஒவ்வொருவராகச் சொல்லிவந்தனர். எம் முறை வந்தது. தம்பியின் பெயரைச் சொன்னோம். அடக்கம் செய்த நாளுக்குப் பின், செபத்தில் அவன் பெயரை நாம் உச்சரித்தது அதுவே முதன்முறை. வேறொன்றும் சொல்ல வரவில்லை. எங்களை அறியாத அந்த இருபது பேரும் அவனுக்காக மறுமொழி சொன்னார்கள்.

மறுநாள் ஞாயிறு. ஆசிரியர் எம்மைத் தென்காசிக்கு அழைத்துச் சென்றார். ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த புதன்கிழமை, எம்மாவு நற்செய்தி வாசிக்கப்படும் நாளில், அவர் அண்டைவீட்டார் இருவர் மூவரோடு விடியற்காலை புறப்பட்டு இந்த வழியை நடந்தே கடக்கிறாராம். சாரலும் ஈரமுமாக இருந்தமையால் அன்று நாம் பேருந்தில் சென்றோம். புனித மிக்கேல் அதிதூதர் ஆலயத்தில் திருப்பலி கண்டோம். அப்பம் உயர்த்தப்பட்டபோது, எம்மாவில் அப்பம் பிட்கையில் திறந்த கண்களைப் பற்றி நினைத்தோம். எம் கண்கள் அப்படி ஒருசேரத் திறந்தன என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால், பல மாதங்களாக வெறும் பழக்கத்தால் நீட்டிய கையை, அன்று பசித்தவனாக நீட்டினோம். அதுமட்டும் உண்மை.

புறப்படுமுன், காசிவிசுவநாதர் கோவிலின் இராச கோபுரத்தைத் தெருவில் நின்றவாறே ஆசிரியர் காட்டினார். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோவில் அது. கோபுரம் பின்னாளில் சிதைந்து, தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் முழுமை பெற்றது. தான் கட்டிய கோவில் ஒருநாள் சிதையக்கூடும் என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான். சிதைந்தபின் அதைச் செப்பனிடப்போகும் மக்களின் காலடியில், அவர்கள் பிறப்பதற்கு முன்பே, தான் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். வேற்று வழிபாட்டிடமாயினும், அந்த மன்னனின் பணிவு எம் நெஞ்சைத் தொட்டது.

"கட்டுகிறவனைக் காட்டிலும் பழுது பார்க்கிறவன் பெரியவன் என்று அரசனுக்கே தெரிந்திருக்கிறது. நம்மைப் பழுது பார்த்தவள் பீடி சுற்றுகிறாள்" என்றார் ஆசிரியர்.

எம்மாவில் ஆண்டவரை அறிந்துகொண்ட இருவரும் அங்கே தங்கிவிடவில்லை. அந்நேரமே எழுந்து, இருட்டில், வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பினர். சோர்ந்து நடந்த அதே 11 கிலோமீட்டர். வழி மாறவில்லை, நடந்தவர்கள் மாறினர். நாமும் மாலை வண்டியில் திரும்பினோம். பாவூர்சத்திரம் நிலையத்தில் வண்டி நின்று புறப்பட்டது. ஆசிரியர் அதற்குமுன்பே பேருந்தில் ஊர் சேர்ந்து, அவ்வார மன்றாட்டுகளை எழுதத் தொடங்கியிருப்பார். மேற்கே மலைமேல் மேகம் அப்படியே கவிழ்ந்திருந்தது. சன்னல் கம்பிகளில் சாரல் துளிகள் கோத்திருந்தன.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் விசுவாசம் ஓய்ந்துபோய் வீட்டுக்குள் கதவடைத்திருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் காரணங்களை எடுத்துரைக்கச் செல்லாதீர்கள். அந்த ஏழைப் பெண் அழைத்ததுபோல் அழையுங்கள்: எங்களிடம் இருக்கிறது, அதில் வந்து உட்காருங்கள். அந்த ஒருவர் நீங்களேயாயின், அழைப்பு வரும்போது மறுக்காதீர்கள். வாய் திறக்க வேண்டியதில்லை. சுவரோரம் சற்றே சாய்ந்திருங்கள். விரல்கள் எண்ணிக்கொள்ளும்.